ஊராட்சிக்கு வந்த மானியம் எவ்வளவு? சந்தேகங்களும் விளக்கங்களும்

தெருவுக்கு சிமென்ட் சாலை போட்டு, ஓரத்தில் பலகையும் நட்டுவிட்டார்கள். பலகையில் உள்ள தொகையைப் பார்த்துவிட்டு, ‘இவ்வளவா செலவாகியிருக்கும்?’ என்று டீக்கடையில் பேசிக்கொள்வதோடு பெரும்பாலான ஊர்களில் கணக்குக் கேட்பது முடிந்துவிடுகிறது. அந்தப் பணம் நிதிக் குழு மானியமா, எம்.எல்.ஏ. நிதியா, ஊர்மக்கள் கொடுத்த பங்களிப்பா என்பதைச் சொல்லும் ஆவணங்கள் அலுவலகத்தில் இருக்கின்றன. அவற்றைப் பார்க்கும் உரிமை குடிமக்கள் எல்லோருக்கும் உண்டு. அதைவிட முக்கியமான ஒன்று, யாரும் கேட்பதற்கு முன்பே அந்தக் கணக்கை வெளியிட வேண்டியது அரசின் சட்டக் கடமை. இந்தச் செய்திதான் ஊர்மக்களிடம் இன்னும் சரியாகப் போய்ச் சேரவில்லை. இது தொடர்பாகப் பரவலாக எழும் சந்தேகங்களும் அவற்றுக்கான விளக்கங்களும் இங்கே.

ஒரு கிராம ஊராட்சிக்குப் பணம் எங்கெங்கிருந்து வருகிறது?

ஐந்து வழிகளைச் சொல்லலாம். வீட்டு வரி, தொழில் வரி, குடிநீர்க் கட்டணம் என்று ஊராட்சியே வசூலிப்பது முதல் வழி. இரண்டாவது, மாநில நிதிக் குழு மானியம். தமிழக அரசு தன் சொந்த வரி வருவாயில் 10 சதவீதத்தை ஊரக, நகர்ப்புற உள்ளாட்சிகளுக்குப் பகிர்ந்து தருகிறது. மூன்றாவது, மத்திய நிதிக் குழு மானியம். 2021-22 முதல் 2025-26 வரையிலான ஐந்தாண்டுகளுக்கு நாடு முழுவதும் உள்ள ஊரக உள்ளாட்சிகளுக்கு 15-வது நிதிக் குழு பரிந்துரைத்த தொகை 2,36,805 கோடி ரூபாய். நான்காவது, வீடு, சாலை, குடிநீர் என்று தனித்தனித் திட்டங்களுக்கு வரும் நிதி. ஐந்தாவது, எம்.பி., எம்.எல்.ஏ. தொகுதி மேம்பாட்டு நிதியும் பொதுமக்கள் பங்களிப்பும்.

எந்த வழியில் வந்த பணம் என்று தெரிந்துகொள்வது அவசியம். ஒவ்வொன்றுக்கும் தனி விதி இருக்கிறது. 15-வது நிதிக் குழு மானியத்தில் 60 சதவீதம் ‘டைடு’ எனப்படும் நிபந்தனை மானியம். அதில் பாதி குடிநீர், மழைநீர் சேகரிப்பு போன்றவற்றுக்கு. மறு பாதி துப்புரவுக்கு. மீதமுள்ள 40 சதவீதத்தை ஊரின் தேவைக்கேற்பச் செலவிடலாம். ஆனால் சம்பளத்துக்கும் நிர்வாகச் செலவுக்கும் அதைத் தொடக் கூடாது. எனவே, ‘குழாயைச் சரிசெய்யப் பணமில்லை’ என்ற பதில் வந்தால், ‘குடிநீருக்கென்று வந்த டைடு மானியம் எவ்வளவு, அதில் இருப்பு எவ்வளவு?’ என்று கேட்கலாம். இப்படிக் குறிப்பாகக் கேட்டால் பொத்தாம்பொதுவாகப் பதில் சொல்லித் தப்பிக்க முடியாது.

இந்த விவரங்களை மக்களுக்குச் சொல்லியே தீரவேண்டும் என்று சட்டம் இருக்கிறதா?

இருக்கிறது. தகவல் அறியும் உரிமைச் சட்டம், 2005 என்றதும் பத்து ரூபாய் வில்லை ஒட்டி மனுப் போடுவதுதான் பலருக்கும் நினைவுக்கு வரும். மனுவுக்கு முன்னால் அந்தச் சட்டத்தில் 4-வது பிரிவு இருக்கிறது. ஒவ்வொரு பொது அதிகார அமைப்பும் 17 வகையான விவரங்களைத் தானாகவே வெளியிட வேண்டும், ஆண்டுதோறும் அவற்றைப் புதுப்பிக்க வேண்டும் என்கிறது அந்தப் பிரிவு. ஒவ்வொரு முகமைக்கும் ஒதுக்கப்பட்ட நிதி, திட்டமிட்ட செலவு, வழங்கிய தொகை பற்றிய அறிக்கை ஆகியவை அந்தப் பட்டியலில் உள்ளன. மானியத் திட்டங்கள் எப்படி நிறைவேற்றப்படுகின்றன, ஒதுக்கிய தொகை எவ்வளவு, பயனாளிகள் யார் என்பதும் அதில் அடங்கும்.

மக்கள் மனுப் போடவேண்டிய தேவையே குறையும் அளவுக்குத் தகவல்களைத் தாமாக முன்வந்து தரவேண்டும் என்பதையும் சட்டம் வெளிப்படையாகச் சொல்கிறது. உள்ளூர் மொழியைக் கருத்தில் கொள்ள வேண்டும் என்கிறது. அறிவிப்புப் பலகை, செய்தித்தாள், பொது அறிவிப்பு, இணையம் ஆகியவற்றை வெளியிடும் வழிகளாகக் குறிப்பிடுகிறது. 2023 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம், 4-வது பிரிவு எந்த அளவுக்குப் பின்பற்றப்படுகிறது என்பதை மத்திய, மாநில தகவல் ஆணையங்கள் தொடர்ந்து கண்காணிக்க வேண்டும் என்று உத்தரவிட்டது. ஆகவே கணக்கை எழுதி ஒட்டுவதை எந்த அலுவலரும் மக்களுக்குச் செய்யும் சலுகையாக நினைக்க முடியாது. இந்தியாவில் தகவல் உரிமைக்காக முதலில் சட்டம் இயற்றிய மாநிலம் தமிழ்நாடு, ஆண்டு 1997. அந்தப் பெருமை ஊராட்சி அலுவலகச் சுவரிலும் தெரிய வேண்டும்.

கணக்கை வெளியிடாத ஊராட்சிக்கு ஏதாவது நஷ்டம் உண்டா?

உண்டு. 15-வது நிதிக் குழு, மானியத்துக்கு ஒரு நுழைவு நிபந்தனை வைத்தது. ஒரு உள்ளாட்சி அமைப்பின் முந்தைய ஆண்டுக்கான தற்காலிகக் கணக்கும், அதற்கும் முந்தைய ஆண்டுக்கான தணிக்கை செய்யப்பட்ட கணக்கும் பொதுமக்கள் பார்க்கும்படி இணையத்தில் இருக்க வேண்டும். முதல் இரண்டு ஆண்டுகளில் ஒரு மாநிலத்தின் உள்ளாட்சிகளில் குறைந்தது 25 சதவீதம் இப்படிச் செய்திருந்தால் போதும் என்று சலுகை தரப்பட்டது. 2023-24 முதல், இரண்டு கணக்கையும் இணையத்தில் ஏற்றிய உள்ளாட்சிகளுக்கு மட்டுமே மானியம் என்றானது.

அதாவது, மானியம் வந்திருக்கிறதென்றால் கணக்கும் இணையத்தில் இருந்தாக வேண்டும். ‘கணக்கு இன்னும் தயாராகவில்லை’ என்று ஊரில் சொல்லப்பட்டால், மானியம் எந்த அடிப்படையில் வந்தது என்று கேட்க இடமிருக்கிறது.

இணையத்தில் எங்கே பார்ப்பது? செல்போனில் முடியுமா?

முடியும். மத்திய பஞ்சாயத்து ராஜ் அமைச்சகத்தின் ‘இ-கிராம்ஸ்வராஜ்’ தளம் 2020 ஏப்ரல் 24 அன்று தொடங்கப்பட்டது. மாநிலம், மாவட்டம், ஒன்றியம், ஊராட்சி என்று வரிசையாகத் தேர்ந்தெடுத்து நிதியாண்டையும் குறிப்பிட்டால், அந்த ஊராட்சியின் ஆண்டுத் திட்டத்தில் எந்தெந்தப் பணிகள் சேர்க்கப்பட்டன, வந்தது எவ்வளவு, செலவு எவ்வளவு என்பதைப் பார்க்கலாம். இதற்குக் கடவுச்சொல் எதுவும் தேவையில்லை. தணிக்கை அறிக்கைகளுக்கு ‘ஆடிட்ஆன்லைன்’ என்ற தளம் தனியாக இருக்கிறது.

தேடும்போது இரண்டு விஷயங்களில் கவனம் தேவை. ஊர்ப் பெயரின் ஆங்கில எழுத்துக்கூட்டல் நாம் எழுதுவதுபோல் இல்லாமல் போகலாம். அதனால் பெயரைத் தட்டச்சு செய்து தேடுவதைவிட ஒன்றியத்தின் பட்டியலில் இறங்கித் தேடுவது நல்லது. குக்கிராமத்தின் பெயர் பட்டியலில் இருக்காது. தாய் ஊராட்சியின் பெயரைத் தேட வேண்டும். அடுத்தது, நிதியாண்டு என்பது ஏப்ரல் முதல் மார்ச் வரை. பிப்ரவரியில் நடந்த பணியை அந்த நாள்காட்டி ஆண்டில் தொடங்கும் நிதியாண்டில் தேடினால் கிடைக்காது.

கணக்கு அறிக்கை கையில் கிடைத்தால் எதைப் பார்ப்பது? எனக்குக் கணக்கியல் தெரியாதே?

கூட்டல் கழித்தல் தெரிந்தால் போதும். எந்த வரவு செலவு அறிக்கையிலும் நான்கு எண்கள் இருக்கும்: தொடக்க இருப்பு, வரவு, செலவு, இறுதி இருப்பு. முதலிரண்டையும் கூட்டிச் செலவைக் கழித்தால் இறுதி இருப்பு வரவேண்டும். ஓராண்டின் இறுதி இருப்பே அடுத்த ஆண்டின் தொடக்க இருப்பாக இருக்க வேண்டும். இரண்டு ஆண்டு அறிக்கைகளை அருகருகே வைத்து இந்த ஒரு பொருத்தத்தைப் பாருங்கள். பொருந்தாவிட்டால், இடைப்பட்ட தொகை என்ன ஆனது என்பதுதான் உங்கள் முதல் கேள்வி.

அடுத்து, செலவுத் தலைப்புகளைப் பாருங்கள். தெருவிளக்கு பராமரிப்பு, கைப்பம்பு பழுது, மோட்டார் பழுது, பிளீச்சிங் பவுடர் போன்ற சின்னச் சின்னச் செலவுகள் மாதந்தோறும் வரும். ஒவ்வொரு பில்லும் சிறியது என்பதால் யார் கண்ணிலும் படாது. ஓராண்டுக்கான மோட்டார் பழுதுச் செலவை மட்டும் கூட்டிப் பாருங்கள். அந்தத் தொகைக்குப் புது மோட்டாரே வாங்கியிருக்கலாம் என்றால் விளக்கம் கேட்க வேண்டியதுதான். பில் நேர்மையானதாகவே இருக்கலாம். பழைய மோட்டாரைத் திரும்பத் திரும்பச் சரிசெய்வதைவிடப் புதிது வாங்குவது மேல் என்ற முடிவுக்கு ஊர் வந்தாலும் அது லாபம்தான்.

கிராம சபையில் கணக்குக் கேட்கலாமா? கேட்டால் சொல்வார்களா?

கிராம சபை கூடுவதே அதற்குத்தான். அரசியல் சாசனத்தின் 73-வது திருத்தம் கிராம சபைக்குச் சாசன அந்தஸ்து தந்தது. தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டம், 1994-ன்படி ஊராட்சித் திட்டத்துக்கும் வரவு செலவுத் திட்டத்துக்கும் ஒப்புதல் தருவது, தணிக்கை அறிக்கைக்கு ஒப்புதல் தருவது, திட்டங்களின் முன்னேற்றத்தை ஆய்வு செய்வது எல்லாம் கிராம சபையின் பணிகள். வாக்காளர் பட்டியலில் பெயருள்ள ஒவ்வொருவரும் அதன் உறுப்பினர். தலைவருக்கு வேண்டியவர், வேண்டாதவர் என்ற பேதம் அங்கே கிடையாது.

ஜனவரி 26, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2 ஆகிய நாள்களில் கிராம சபை கூடிவந்தது. 2022 முதல் உலகத் தண்ணீர் தினமான மார்ச் 22, உள்ளாட்சிகள் தினமான நவம்பர் 1 ஆகியவையும் சேர்ந்து ஆண்டுக்கு ஆறு கூட்டங்கள் ஆகியிருக்கின்றன. ‘படிவம் 30’ எனப்படும் வரவு செலவு அறிக்கையைக் கூட்டத்தில் வைக்க வேண்டும். வரவு செலவை பிளக்ஸ் பேனரில் எழுதி வைக்கும்படி மாவட்ட நிர்வாகங்களும் அறிவுறுத்துகின்றன. பேனர் இல்லையென்றால் கூட்டம் தொடங்கும்போதே கேளுங்கள்; தேசிய கீதம் பாடும் நேரத்தில் கேட்டுப் பயனில்லை.

தேர்ந்தெடுக்கப்பட்டவர்களின் பதவிக்காலம் முடிந்து, தனி அலுவலர் பொறுப்பில் ஊராட்சி இருக்கும் காலத்திலும் இந்தக் கடமைகள் மாறுவதில்லை. அப்போது மக்கள் இன்னும் கூடுதலாகக் கவனிக்க வேண்டும். வாக்குக் கேட்டு வந்தவரை வீட்டு வாசலில் நிறுத்திக் கேட்கலாம். தனி அலுவலரிடம் கேட்பதற்குக் கிராம சபைதான் இடம்.

கூட்டத்துக்கு இருபது பேர்தான் வருகிறார்கள். அது செல்லுமா?

செல்லாது. ஊராட்சியின் மக்கள்தொகை 500 வரை என்றால் குறைந்தது 50 பேர், 501 முதல் 3,000 வரை 100 பேர், 3,001 முதல் 10,000 வரை 200 பேர், அதற்கு மேல் 300 பேர் இருந்தால்தான் கோரம் சேரும். இந்த எண்ணிக்கையைக் காட்டுவதற்காகப் பின்னாளில் வீடு வீடாகக் கையெழுத்து வாங்கும் வழக்கம் சில இடங்களில் இருக்கிறது. வராத கூட்டத்துக்குக் கையெழுத்துப் போடாதீர்கள். உங்கள் கையெழுத்து இருக்கும் தீர்மானப் புத்தகம், அந்தச் செலவுக்கு நீங்கள் ஒப்புதல் தந்ததற்கான சான்று. வந்திருந்தாலும், தீர்மானத்தை எழுதி முடித்து, வாசித்துக் காட்டிய பிறகே கையெழுத்திடுங்கள். காலிப் பக்கத்தில் கையெழுத்துக் கேட்டால் மறுப்பதற்கு யாருக்கும் பயப்படத் தேவையில்லை.

பலகையில் எழுதிய தொகை சரியா என்று எப்படித் தெரிந்துகொள்வது?

பலகையில் பணியின் பெயர், திட்டம், மதிப்பீட்டுத் தொகை, நிதியாண்டு ஆகியவை இருக்கும். அது முதல் படி. உண்மையான விவரம் இரண்டு ஆவணங்களில் இருக்கிறது. ஒன்று, எஸ்டிமேட் எனப்படும் மதிப்பீடு. என்ன செய்யப்போகிறோம் என்பதை அது சொல்லும். மற்றொன்று, எம்-புக் எனப்படும் அளவுப் புத்தகம். ஓவர்சியரும் பொறியாளரும் நேரில் அளந்து எழுதியது அது. எம்-புக்கில் எழுதிய அளவுக்குத்தான் பில் போடப்படும்.

ஒரு சிமென்ட் சாலையை உதாரணமாக எடுத்துக்கொள்வோம். நீளம் 100 மீட்டர், அகலம் 3 மீட்டர், கான்கிரீட் கனம் 15 சென்டிமீட்டர் என்று எம்-புக்கில் இருந்தால், அதற்கான கான்கிரீட் 45 கன மீட்டர். நீளத்தையும் அகலத்தையும் டேப் வைத்து யாரும் அளந்துவிடலாம் என்பதால் அவற்றில் கை வைப்பது அபூர்வம். கனம் தரைக்குள் மறைந்திருப்பது. அது 10 சென்டிமீட்டர்தான் என்றால் இறங்கிய கான்கிரீட் 30 கன மீட்டர். மூன்றில் ஒரு பங்கு காணாமல் போயிருக்கிறது என்று பொருள். இரண்டே மழைக்காலத்தில் சாலை பிளக்கும்போதுதான் ஊருக்கு அது தெரியவரும். ஆகவே வேலை நடக்கும்போதே, ஓரங்களில் அடித்த அச்சுப் பலகைகளுக்கு உள்ளே கான்கிரீட் கொட்டும் நேரத்தில், பக்கவாட்டில் ஒரு ஸ்கேல் வைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள்.

தகவல் உரிமைச் சட்டம், பணிகளையும் ஆவணங்களையும் நேரில் ஆய்வு செய்யும் உரிமையையும், பயன்படுத்திய பொருளின் சான்றளிக்கப்பட்ட மாதிரியைப் பெறும் உரிமையையும் தருகிறது. இந்த உரிமை நம் ஊர்களில் அதிகம் பயன்படுத்தப்படாமலேயே இருக்கிறது.

தகவல் கேட்டு மனு எழுதினால் ‘தகவல் இல்லை’ என்று பதில் வருகிறது. என்ன செய்வது?

பெரும்பாலும் கேட்ட விதத்தில்தான் சிக்கல் இருக்கும். ‘ஏன் முறைகேடு நடந்தது?’, ‘இது நியாயமா?’ என்று கேட்டால், அலுவலகத்தில் அப்படியொரு ஆவணம் இருக்காது. சட்டம் தரச் சொல்வது, பதிவில் உள்ள தகவலை. எனவே ஆவணத்தின் பெயர் சொல்லிக் கேளுங்கள். மனுவின் மையப் பகுதி இப்படி அமையலாம்:

“எங்கள் ஊராட்சியில் 2024-25 நிதியாண்டில் மேற்கொள்ளப்பட்ட கீழ்க்கண்ட பணி தொடர்பாக, நிர்வாக அனுமதி உத்தரவு, மதிப்பீடு, வேலை உத்தரவு, அளவுப் புத்தகத்தின் உரிய பக்கங்கள், பணம் வழங்கிய பில் மற்றும் வவுச்சர் ஆகியவற்றின் நகல்களைத் தரவும். அசல் ஆவணங்களை நேரில் ஆய்வு செய்ய நாளும் நேரமும் தெரிவிக்கவும்.”

ஒரு மனுவில் ஒரு பணி என்று வைத்துக்கொண்டால் பதில் தெளிவாக வரும். எதற்காகக் கேட்கிறீர்கள் என்று காரணம் சொல்லத் தேவையில்லை. கேட்கவும் அவர்களுக்கு உரிமை இல்லை. தமிழகத்தில் மனுக் கட்டணம் 10 ரூபாய். நீதிமன்றக் கட்டண வில்லையாக ஒட்டலாம். நகலுக்குப் பக்கத்துக்கு 2 ரூபாய். நேரில் ஆய்வு செய்ய முதல் ஒரு மணி நேரத்துக்குக் கட்டணம் கிடையாது. வறுமைக் கோட்டுக்குக் கீழே உள்ளவர்களுக்கு எந்தக் கட்டணமும் இல்லை.

யாருக்கு அனுப்புவது என்ற குழப்பமும் வேண்டாம். ‘பொதுத் தகவல் அலுவலர்’ என்று குறிப்பிட்டு ஊராட்சி ஒன்றிய அலுவலகத்துக்கு அனுப்புங்கள். தகவல் வேறு அலுவலகத்தில் இருந்தால், ஐந்து நாள்களுக்குள் அங்கே மாற்றி அனுப்புவது அவர்கள் பொறுப்பு.

முப்பது நாள் கடந்தும் பதில் இல்லை. பிறகு?

முப்பது நாளில் பதில் தரவேண்டும் என்பது சட்டம். கெடு தாண்டினால் தகவலை இலவசமாகத் தரவேண்டும். அடுத்த 30 நாள்களுக்குள் அதே துறையின் மேல்முறையீட்டு அலுவலருக்கு முதல் மேல்முறையீடு செய்யுங்கள். அங்கும் கிடைக்காவிட்டால் 90 நாள்களுக்குள் சென்னையில் உள்ள மாநிலத் தகவல் ஆணையத்துக்கு இரண்டாவது மேல்முறையீடு. நியாயமான காரணமின்றித் தாமதித்த அலுவலருக்கு நாளொன்றுக்கு 250 ரூபாய் வீதம், அதிகபட்சம் 25,000 ரூபாய் வரை ஆணையம் அபராதம் விதிக்கலாம். ஆணையத்தில் வழக்கு விசாரணைக்கு வரக் காலம் பிடிக்கலாம். அதற்காக முதல் மேல்முறையீட்டோடு நின்றுவிடாதீர்கள். அஞ்சல் ரசீதையும் ஒப்புகை அட்டையையும் பத்திரமாக வைத்திருப்பவர்களுக்கே இந்தப் பாதை கைகொடுக்கும்.

வீட்டுத் திட்டப் பயனாளிகளின் பெயரை வெளியிடுவது அவர்களின் தனியுரிமையைப் பாதிக்காதா?

நியாயமான கேள்வி. பயனாளியின் ஆதார் எண், வங்கிக் கணக்கு எண், நோய் விவரம் ஆகியவை ஊருக்குத் தெரிய வேண்டியவை அல்ல. அவற்றை வெளியிடுவது தவறு. மோசடிக்காரர்களுக்கு வழி திறந்துவிடும் ஆபத்தும் இருக்கிறது. ஆனால், அரசுப் பணத்தில் வீடு பெறுபவர் யார், எவ்வளவு பெற்றார் என்பது பொது விஷயம். ‘கலைஞரின் கனவு இல்லம்’ திட்டத்தில் வீடு ஒன்றுக்கு 3.50 லட்சம் ரூபாய் தரப்படுகிறது. பிரதமர் வீட்டுத் திட்டப் பட்டியலை கிராம சபையின் முன் வைத்து ஒப்புதல் பெற வேண்டும். மாடி வீடு உள்ளவர் பட்டியலில் இருக்க, ஓலைக் குடிசையில் இருப்பவர் விடுபட்டால், அதைக் கண்டுபிடிக்கக்கூடியவர்கள் அந்த ஊர்க்காரர்கள் மட்டுமே. பெயர்ப் பட்டியல் அவர்களுக்குத் தெரியாமல் அது எப்படி நடக்கும்?

2023-ல் நாடாளுமன்றம் நிறைவேற்றிய டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், தகவல் உரிமைச் சட்டத்தின் 8(1)(ஜே) பிரிவைத் திருத்தியது. முன்பு, பொது நடவடிக்கையோடு தொடர்பில்லாத தனிப்பட்ட தகவலை மட்டுமே மறுக்கலாம் என்றிருந்தது. திருத்தம், ‘தனிப்பட்ட தகவல்’ என்றாலே மறுக்க இடம் தருகிறது. பயனாளிகள் பட்டியலையும் இதைக் காட்டி மறைத்துவிடுவார்களோ என்ற கவலை தகவல் உரிமை ஆர்வலர்களிடம் இருக்கிறது. அது பொருளற்ற கவலை அல்ல. எனினும், பொதுநலன் மேலோங்கும்போது தகவலைத் தரலாம் என்ற 8(2) பிரிவும், பயனாளிகள் விவரத்தைத் தானாக வெளியிடச் சொல்லும் 4-வது பிரிவும் சட்டத்தில் இருக்கின்றன. மறுப்புக் கடிதம் வந்தால், மேல்முறையீட்டில் இவ்விரண்டையும் எடுத்துக்காட்டுங்கள். மறைக்க வேண்டிய எண்களை மறைத்துவிட்டு ஆவணத்தின் மீதிப் பகுதியைத் தரும்படி 10-வது பிரிவின் கீழ் கேட்கவும் முடியும்.

அரசு மானியம் வாங்கும் தனியார் பள்ளி, தொண்டு நிறுவனங்களிடம் கணக்குக் கேட்கலாமா?

அரசு நிதியால் கணிசமாக நடத்தப்படும் தொண்டு நிறுவனங்களும் தகவல் உரிமைச் சட்டத்துக்குள் வரும். ‘கணிசமாக’ என்றால் எவ்வளவு என்ற கேள்வி டி.ஏ.வி. கல்லூரி அறக்கட்டளை வழக்கில் உச்ச நீதிமன்றத்துக்குப் போனது. பாதிக்கு மேல் அரசுப் பணமாக இருந்தால்தான் கணிசம் என்று கொள்ள வேண்டியதில்லை, நிறுவனத்துக்கு நிறுவனம் ஆராய்ந்து முடிவு செய்ய வேண்டும் என்று 2019-ல் தீர்ப்பு வந்தது. நிறுவனம் நேரடியாகச் சட்டத்துக்குள் வராவிட்டாலும், மானியம் கொடுத்த அரசுத் துறை வரும். மானிய உத்தரவும், நிறுவனம் சமர்ப்பித்த நிதிப் பயன்பாட்டுச் சான்றும் அந்தத் துறையிடம் இருக்கும். கொடுத்தவரிடம் கேட்பதே எளிய வழி.

‘நமக்கு நாமே’ திட்டத்துக்கு ஊர்மக்களே பணம் போட்டோம். அதற்கும் கணக்கு உண்டா?

நிச்சயமாக. 1997-98-ல் தொடங்கி, பின்னர் தன்னிறைவுத் திட்டம் என்ற பெயரிலும் நடந்து, 2021-22 முதல் மீண்டும் பழைய பெயரில் நடந்துவரும் திட்டம் இது. பணியின் மதிப்பில் குறைந்தது மூன்றில் ஒரு பங்கை மக்கள் தந்தால் மீதியை அரசு தரும். பள்ளிக்குச் சுற்றுச்சுவர், நூலகக் கட்டடம், குளத்துக்குக் கரை என்று பல நல்ல பணிகள் இதில் நடந்திருக்கின்றன. ஆனால், மக்கள் பங்களிப்பு என்ற பெயரில் ஒப்பந்ததாரரே பணத்தைக் கட்டிவிட்டு வேலையையும் எடுத்துக்கொண்டால், கட்டிய பணத்தை அவர் எங்கே ஈடுகட்டுவார் என்பதை ஊகிப்பது கடினமில்லை. ஆகவே பங்களிப்புத் தொகையைச் செலுத்தியது யார், எந்தத் தேதியில், எந்த வரைவோலையில் என்ற விவரமும் பணி ஆணை பெற்றவரின் பெயரும் சேர்ந்தே வெளியாக வேண்டும். பணம் கொடுத்த குடும்பங்களுக்கு ரசீது தருவதும், முடிவுக் கணக்கைக் கிராம சபையில் படிப்பதும் அடுத்த முறை ஊர் மனம் உவந்து கொடுக்க வழி செய்யும்.

எம்.பி., எம்.எல்.ஏ. நிதி விவரத்தை எங்கே பெறுவது?

எம்.பி. ஒருவருக்கு ஆண்டுக்கு 5 கோடி ரூபாய், தமிழகத்தில் எம்.எல்.ஏ. ஒருவருக்கு ஆண்டுக்கு 3 கோடி ரூபாய் தொகுதி மேம்பாட்டு நிதி உண்டு. பணம் அவர்கள் கையில் வருவதில்லை. அவர்கள் பணியைப் பரிந்துரைக்கிறார்கள். மாவட்ட நிர்வாகம் அனுமதித்து நிறைவேற்றுகிறது. எனவே பரிந்துரைக்கப்பட்டவை, அனுமதிக்கப்பட்டவை, முடிந்தவை என்ற மூன்று பட்டியல்களையும் ஆட்சியர் அலுவலகத்தில் கேட்கலாம். எம்.பி. நிதிப் பணிகளை ‘இ-சாக்ஷி’ தளத்திலும் பார்க்க வழியுண்டு. முடிந்ததாக எழுதப்பட்ட நிழற்குடை ஊரில் நிற்கிறதா என்று பார்க்கவேண்டியது நாம்தான்.

முறைகேடு உறுதியாகத் தெரிகிறது. யாரிடம் புகார் செய்வது?

முதலில் வட்டார வளர்ச்சி அலுவலர் (கிராம ஊராட்சி), அடுத்து மாவட்ட உதவி இயக்குநர் (ஊராட்சிகள்), அதன்பின் ஆட்சியர். ஊராட்சிகள் சட்டத்தில் ஊராட்சிகளின் ஆய்வாளர் ஆட்சியரே. விசாரித்து நடவடிக்கை எடுக்கும் அதிகாரம் அவருக்கு இருக்கிறது. திங்கள்கிழமை குறைதீர் கூட்டத்திலும், முதல்வரின் முகவரி 1100 என்ற எண்ணிலும் பதியலாம். லஞ்சம், மோசடி என்றால் லஞ்ச ஒழிப்புத் துறை. புகாரில் கோபத்தைக் குறைத்து அளவைக் கூட்டுங்கள். ‘ஊழல் செய்துவிட்டார்கள்’ என்ற வரியைவிட, ‘எம்-புக்கில் 15 சென்டிமீட்டர், இடத்தில் 10 சென்டிமீட்டர், நகலும் படமும் இணைப்பு’ என்ற வரிக்கு வலு அதிகம்.

கணக்குக் கேட்டால் ஊரில் பகைதானே மிஞ்சும்?

இந்த அச்சம் உண்மையானது. லேசாகத் தள்ளிவிட முடியாது. தனி ஒருவராகக் கேட்பவர்கள் மிரட்டப்பட்டிருக்கிறார்கள். அதனால்தான் சேர்ந்து கேளுங்கள் என்கிறோம். சுய உதவிக் குழுவினர், ஓய்வுபெற்ற ஆசிரியர், கல்லூரி மாணவர்கள் என்று பத்துப் பேர் கிராம சபையில் ஒரே கேள்வியைக் கேட்டால் அது ஊரின் கேள்வியாகிவிடும்.

இந்த நாட்டில் தகவல் உரிமை பிறந்ததே அப்படித்தான். ராஜஸ்தானின் கோட் கிரானா கிராமத்தில் 1994 டிசம்பரில், மஸ்தூர் கிசான் சக்தி சங்கடன் என்ற தொழிலாளர், விவசாயிகள் அமைப்பு முதல் மக்கள் விசாரணையை நடத்தியது. அரசுப் பணிகளின் பில்களும் வருகைப் பதிவேடுகளும் ஊர் முன்னால் உரக்க வாசிக்கப்பட்டன. கேட்டுக்கொண்டிருந்த கூலித் தொழிலாளர்களே எது பொய் என்று எழுந்து சொன்னார்கள். ‘எங்கள் பணம், எங்கள் கணக்கு’ என்பது அவர்கள் முழக்கம். 1996-ல் பியாவர் நகரில் நாற்பது நாள் அவர்கள் நடத்திய தர்ணா அந்தக் கோரிக்கையை நாடறியச் செய்தது. எழுதப் படிக்கத் தெரியாத பலர் சேர்ந்து பெற்றுத் தந்த உரிமை இது.

நேர்மையான தலைவருக்கும் செயலருக்கும் இது பாதுகாப்பு என்பதையும் சொல்லியாக வேண்டும். கணக்கு சுவரில் இருந்தால் வதந்திக்கு வேலையில்லை. செய்யாத தவறுக்குப் பழி சுமக்கும் அவலமும் அவர்களுக்கு இருக்காது.

எங்கிருந்து தொடங்குவது?

உங்கள் தெருவில் கடைசியாக நடந்த ஒரே ஒரு பணியிலிருந்து. பலகையைப் படம் எடுங்கள். இ-கிராம்ஸ்வராஜில் அந்தப் பணியைத் தேடுங்கள். எஸ்டிமேட்டும் எம்-புக்கும் கேட்டு ஒரு மனு அனுப்புங்கள். அடுத்த கிராம சபையில் படிவம் 30-ஐ வாசிக்கச் சொல்லுங்கள். தமிழ்நாட்டில் சுமார் 12,500 கிராம ஊராட்சிகள் இருக்கின்றன. ஒவ்வொன்றிலும் பத்துப் பேர் இதைச் செய்தால், கணக்கை எழுதி ஒட்டுவது வழக்கமாகிவிடும். மானியம் யாருடைய கருணையிலும் வருவதல்ல. தீப்பெட்டி வாங்கும்போதும் நாம் கட்டும் வரியிலிருந்து வருவது. அதன் கணக்கை நம் ஊர்ச் சுவரில், நம் மொழியில், படிக்கும் அளவு எழுத்தில் எழுதச் சொல்வோம். எழுதும்வரை கேட்போம்.